பிரவீண் விட்ட கயிறு

ஆரணி
3-8-2025

அம்முலு,

உங்கப்பாதான் எழுதச் சொன்னார். "போன் எடுத்தா ரெண்டு பேரும் கத்திகினே கீறீங்க. தெருவே நின்னு கேக்குது. கத்துறதுன்னா எழுதிக் கத்து. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சே இல்ல?" என்றார். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். தப்பு இருந்தால் ஹாஸ்டலில் யாருக்கும் காட்டிச் சிரிக்காதே.

இன்று ஆடிப் பதினெட்டு. தெருவில் எல்லோரும் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் பயம். நானும் போயிருக்க மாட்டேன். உன் அண்ணனை எடுத்துக்கொண்ட ஆற்றுக்கு மஞ்சளும் பூவும் போட எனக்குக் கை வராது. வாசலில் உட்கார்ந்து அவர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்குப் பண்டிகை.

விஷயத்துக்கு வருகிறேன். என்னையும் கேட்காமல், உங்கப்பாவையும் கேட்காமல் அந்த வெள்ள மீட்புப் பயிற்சியில் பேர் கொடுத்திருக்கிறாய். வேண்டாம் என்றேன். அதற்கு நீ என்ன சொன்னாய்? "நீ அண்ணன அந்தப் பயிற்சிக்கு விட்டிருந்தா அவன் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்" என்று சொன்னாய். நான் "போனா திரும்பி வராதே" என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ சொன்னதும் ஒரு பெண் தன் தாயைப் பார்த்துச் சொல்கிற பேச்சு இல்லை.

உன் அண்ணன் கேட்டான், உண்மைதான். போன வருஷம் ஆவணியில். தறியில் முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது. அவன் போய்விட்டால் அந்தத் தறியில் யார் உட்காருவது? "அடுத்த வருஷம் போ குமரேசா" என்றேன். அவனும் முகத்தைத் தூக்கிக்கொள்ளவில்லை. பாடிக்கொண்டேதான் தறிக்குழியில் இறங்கினான். கார்த்திகை மழையில் யாரிடமும் சொல்லாமல் ஆற்றில் இறங்குவான் என்று நான் கண்டேனா?

சரி, அவன் இறங்கியது தப்பு என்றே வைத்துக்கொள். கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் விடலாமா? ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் அண்ணனோடு நம் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்த பிள்ளை அவன். எத்தனை நாள் என் கையால் அவனுக்குத் தோசை சுட்டிருப்பேன். நேற்று காந்தி ரோட்டில் அந்த அரிசி மண்டி பிரவீணைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சந்துக்குள் நுழைந்துவிட்டான். காரியம் முடிந்த அன்று அவன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினேனே, இன்னும் ரெண்டு கை தூற்றியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

நாளைக்கு நீ தண்ணீரில் இறங்குவாய். கரையில் இன்னொரு பிரவீண் நிற்பான். வேண்டாம் அம்முலு. பேரை எடுத்துவிட்டு வீட்டுக்கு வா. படிப்பை மட்டும் பார்.

இட்லிப்பொடி அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் பிரிந்தால் பயப்படாதே, கலக்கிக்கொள்.

அம்மா


திருவண்ணாமலை
19-8-2025

அம்மா,

கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ரெண்டு நாள் பிரிக்காமலே பையில் வைத்திருந்தேன். இட்லிப்பொடியை மட்டும் ரூமில் எல்லோரும் தின்று தீர்த்துவிட்டார்கள். அடுத்த தடவை ரெண்டு பாட்டில் வேண்டும் என்று நிலா சொல்லச் சொன்னாள்.

நான் சொன்னது தப்பு. சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது. ஆனால் பேரை எடுக்க மாட்டேன்.

எதற்குச் சேர்ந்தாய் என்று நீ ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. "உனக்கு எதுக்குடி இந்த வேல" என்றுதான் கேட்டாய். அது வேறு கேள்வி. இப்போது சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மழைக்காகக் காலேஜ் லீவு. நான் இங்கேதான் இருந்தேன். நிலா போனை நீட்டி, "ஏய், இது உங்க ஊர் ஆறுதானே?" என்றாள். பாலத்தின் முனையிலிருந்து யாரோ எடுத்த வீடியோ. வெள்ளத்துக்கு நடுவில் ஒரு பம்ப்செட் ரூம். அதன் மேல் ஒரு ஆள், ஒரு பெண், ஒரு குழந்தை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் அவர்களை நோக்கி நீந்திக்கொண்டிருந்தான். "சூப்பரா நீந்துறான் இல்லடி?" என்று நான் சொன்னேன் அம்மா. அண்ணன் என்று தெரியாமலே சொன்னேன். அப்புறம் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரவீணின் சட்டையைப் பார்த்தேன். போன வருஷம் நம் வீட்டுக்கு அதே சட்டையில் வந்திருந்தான். அதோடு போனைத் தள்ளிவிட்டேன். கடைசிவரைக்கும் பார்க்க என்னால் முடியவில்லை. இன்று வரைக்கும் பார்க்கவில்லை.

ஆனால் பார்த்தவரைக்கும் ஒன்று மனதில் நின்றுவிட்டது. பாலம் முழுக்க ஆட்கள். எல்லோர் கையும் மேலே தூக்கியிருக்கிறது, எல்லாவற்றிலும் போன். கயிற்றில் ஒரே ஒரு ஆளின் கைதான். பிரவீண் விட்டான், விட்டான் என்று நீ சொல்கிறாய். அவன் பக்கத்தில் இன்னொரு ஆள் ஏன் இல்லை என்று யாராவது கேட்டீர்களா? எனக்கு அந்த இன்னொரு ஆளாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய சேவை, தியாகம் என்றெல்லாம் எனக்கு ஒன்றும் கிடையாது.

எங்கள் வகுப்பில் ஆசை இல்லாதவர்கள் யாரும் இல்லை. பேர் கொடுக்கச் சொன்னபோது நிறையப் பேர் கை தூக்கினார்கள். மறுநாள் மைதானத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். ஒருத்திக்கு அப்பா விடவில்லை. ஒருத்தி காலேஜ் விட்டதும் துணிக்கடை வேலைக்குப் போக வேண்டும், ஒரு நாள் போகாவிட்டாலும் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். ஒருத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பசங்களோடு ஆற்றில் குதிக்கிறாள் என்று யாராவது அவர்கள் காதில் போட்டுவிட்டால்? பையன்களில் ஒருத்தன் நேராகவே சொல்லிவிட்டான். "நல்லது செய்யப் போயி ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா நம்மளத்தான் கொலைகாரன்னு சொல்வாங்க. ஆரணியில கயிறு புடிச்ச பையன் கதை தெரியாதா?"

நான் யாருடைய தங்கை என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

லாவண்யா


ஆரணி
7-9-2025

அம்முலு,

உன் கடிதத்தை உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சூப்பரா நீந்துறான்" என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். நான் மிச்சத்தை எனக்கே படித்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ரத்த தான முகாம் வைத்தார்கள். எதிர்வீட்டுத் தனசேகரனின் பிள்ளை இளஞ்செழியன் கிளம்பினான். அவன் அம்மா தீபா அவனை வாசலிலேயே மறித்துக்கொண்டாள். தெரு முழுக்கக் கேட்கிறது. "குமரேசன் கதைய பாத்தும் உனக்குப் புத்தி வரலியா? ஊருக்கு உழைக்கிறேன்னு போயி, அவங்கம்மா இன்னிக்கு எப்படி கீறா பாரு! உள்ள வாடா!"

ரத்தம் கொடுப்பதற்கு அம்முலு! கையில் ஒரு ஊசி, அப்புறம் ஒரு பிஸ்கட்டு, ஒரு ஜூஸ். அதற்குக்கூட என் பிள்ளை பேரைச் சொல்லித் தடுக்கிறார்கள். அந்தப் பையன் என் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

தெருவில் எந்தக் கிழவி விழுந்தாலும் ஓடுவான் உன் அண்ணன். யார் வீட்டில் தறிக்கு நூல் இழுத்துப் பாவு போட்டாலும் கூப்பிடாமலே போய் நிற்பான். அவனோடு சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் இப்போது முகம் பார்க்காமல் போகின்றன. ஏரியில் பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், எல்லாம் நின்றுபோய்விட்டது. அவன் பேர் இப்போது இந்தத் தெருவில் பூச்சாண்டிப் பேர் ஆகிவிட்டது. சோறு சாப்பிடாத குழந்தைக்கு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

தீபாவை ரெண்டு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். என்னவென்று கேட்பது?

இன்னொன்று. அந்தப் பம்ப்செட் ரூம் மேல் இருந்தவர்களைச் சாயங்காலம் தீயணைப்புப் படகில் வந்து கூட்டிப் போனார்கள். மூன்று பேருக்கும் ஒரு கீறல் இல்லை. உன் அண்ணன் போகாமல் இருந்திருந்தாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் பிழைத்தது எனக்குப் பொறுக்கவில்லை என்று நினைப்பார்கள். அந்தக் குழந்தை நன்றாக இருக்கட்டும். ஆனால் தினமும் இந்த நினைப்பு வருகிறது.

பிரவீண் பக்கத்தில் ஏன் யாரும் நிற்கவில்லை என்று கேட்டாய். நல்ல கேள்விதான். ஆனாலும் சொல்கிறேன். உன் அண்ணனை எடுத்தபோது இடுப்பில் நம் கிணற்றுக் கயிறு அப்படியே இருந்தது. உங்கப்பா கண்ணால் பார்த்தார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. அறுந்திருந்தால் விதி என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். கயிறு முழுசாக இருந்தால் பிடித்தவன் விட்டான் என்றுதானே அர்த்தம்? அவனே போலீசில் "கை நழுவிடுச்சு" என்று சொல்லியிருக்கிறான். இதில் பேச இன்னும் என்ன இருக்கிறது?

நீ பேரை எடுத்துவிட்டாயா இல்லையா, அதை எழுது.

அம்மா


திருவண்ணாமலை
28-9-2025

அம்மா,

எடுக்கவில்லை.

தீபா அக்கா பேசியதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை. "குமரேசன் மாதிரி நீயும் போகணுமா" என்று இந்த வருஷம் என்னிடம் அதிகமாகச் சொன்னது யார், யோசித்துப் பார். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை அம்மா. பூச்சாண்டி நம் வீட்டிலிருந்துதான் கிளம்பியது.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். நிலா "எழுதாதே, அம்மா பாவம்" என்றாள். எழுதாவிட்டால் இன்னொரு அம்மா பாவம்.

போன வாரம் பயிற்சியில் கயிறு பாடம். நீளம் பற்றாவிட்டால் ரெண்டு கயிற்றை எப்படி இணைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. நம் வீட்டுக் கயிறு நம் கிணற்றுக்கே சரியாகத்தான் இருக்கும். வாளி தரையைத் தொட்டால் கையில் ரெண்டு முழம்தான் மிச்சம் இருக்கும். அந்தக் கயிறு எப்படி அம்மா கரையிலிருந்து ஆற்று நடுவரைக்கும் எட்டும்?

அன்று ஹாஸ்டலுக்கு வந்து அந்த வீடியோவைக் கடைசிவரைக்கும் பார்த்தேன். நிலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் இடுப்பில் இருக்கிறது நம் நீலக் கயிறு. பிரவீண் கையில் இருக்கிறது மஞ்சள் கயிறு. மண்டியில் லாரிக்குக் கட்டுகிற கயிறு. ரெண்டையும் இணைத்துத்தான் இறங்கியிருக்கிறார்கள். அண்ணன் முக்கால்வாசி போய்விட்டான். ஒரு அலை அவனைக் கரைப்பக்கமாகத் தள்ளுகிறது, கயிறு தொய்கிறது, மறுபடி வெட்டி இழுக்கிறது, மறுபடி தொய்கிறது. அதற்குப் பிறகு விறைக்கவே இல்லை. பிரவீண் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி இழுக்கிறான், வெறும் கயிறு வருகிறது. அதற்குப் பிறகுதான் அதைக் கீழே போட்டுவிட்டுக் கரையோடு கத்திக்கொண்டு ஓடுகிறான். கயிற்றைக் கீழே போட்டதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. அத்தனை ஆயிரம் பேர் பார்த்த வீடியோவில் கயிற்றின் நிறத்தை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

பிரவீண் விடவில்லை அம்மா. நடுவில் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

எதற்கு அவன் போலீசில் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. என்ன முடிச்சு என்று மட்டும் என்னைக் கேட்காதே.

லாவண்யா


ஆரணி
10-10-2025

அம்முலு,

கேட்காதே என்று எழுதியிருந்தாய். நானும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இன்று தறியில் ஒரு இழை அறுந்தது. எடுத்து முடிந்தேன். முடிச்சுக்கு வெளியே நீட்டிய வாலை ஒட்ட வெட்டக் கத்தரியை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

உனக்கும் அவனுக்கும் நான்தான் அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குப் பல் விழுந்து முளைக்காத வயசு. "வாலை விடாதே, வால் இருந்தா தறி அச்சுப் பல்லுல மாட்டும், மறுபடி அறும்" என்று கையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

அதுதானா? ஒரு வார்த்தையில் எழுது.

அம்மா


திருவண்ணாமலை
15-10-2025

அம்மா,

ஆமாம்.

பயிற்சியில் எல்லோரையும் தெரிந்த முடிச்சைப் போடச் சொன்னார்கள். என் கை தானாக அதைத்தான் போட்டது. சார் பார்த்துவிட்டு, "நல்ல முடிச்சும்மா, யார் சொல்லிக்கொடுத்தா?" என்றார். எங்க வீட்ல என்றேன். "இழுத்துகிட்டே இருந்தா யானையையும் தாங்கும். ஆனா கயித்துல போட்டா ஒரு முழமாவது வாலு விடணும். நீ விரல் நீளம்கூட விடலியே" என்று சொல்லிக்கொண்டே தொய்யவிட்டு உதறினார். மூன்றாவது உதறலில் அவிழ்ந்து என் காலடியில் விழுந்தது. நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவனுக்கு அது இழை அம்மா. கயிறானாலும் அவன் கைக்கு இழைதான். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. பட்டுக்குச் சரியானதைத்தான் சொல்லிக்கொடுத்தாய். இதைத் திரும்பத் திரும்பப் படி.

பிரவீண் வீட்டுக்குப் போ. உன்னால் முடியாது என்றால் சொல், நான் போகிறேன். ஆனால் மண் தூற்றியது நீ.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு எங்களைப் பிரித்து அனுப்பப் போகிறார்கள். எனக்குப் படவேடு பக்கம் போட்டிருக்கிறார்கள், மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற இடம். பதினெட்டு வயசு ஆனாலும் பெண்பிள்ளைகள் என்றால் வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். நீ போடவில்லை என்றால் முகாமில் சோறு வடிக்கிற வேலை கொடுப்பார்கள். அதையும் செய்வேன். அண்ணன் மாதிரி சொல்லாமல் போக மாட்டேன். இது சத்தியம்.

தீபாவளிக்கு நமக்குப் பண்டிகை இல்லை என்று தெரியும். இருந்தாலும் வரட்டுமா?

லாவண்யா


ஆரணி
9-11-2025

அம்முலு,

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வாய் வரவில்லை. உன் தலைக்கு எண்ணெய் மட்டும் வைத்துவிட்டேன். அதற்கும் நீ "இழுக்காதம்மா, வலிக்குது" என்று கத்தினாய்.

நீ போன மறுவாரம் பிரவீண் வீட்டுக்குப் போனேன். உங்கப்பா கூட வருகிறேன் என்றார். வேண்டாம், தூற்றும்போது தனியாகத்தானே போனேன் என்றேன்.

அவர்கள் ஜைனர்கள், பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிடுகிறவர்கள் இல்லையா, சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற நேரம். பிரவீணைப் பெற்ற ஜினமதி அம்மா கிரில் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை.

"இன்னும் என்ன பாக்கி இருக்கு கற்பகம்? மண்ணு தீந்துபோச்சா, எடுத்துகினு வரட்டுமா?"

"ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடறேம்மா."

"நீ பேசுனதெல்லாம் போதும். எம்புள்ள ஒரு வருஷமா மண்டிக்குப் பின்னாடி உக்காந்து சாக்குத் தைக்கிறான். காலேஜ் போகல. ஒரு கல்யாணம் காட்சி கெடையாது. பஸ்ல ஏறுனா பக்கத்துல உக்காந்திருக்கவன் எழுந்துக்கிறானாம். நீ தூத்துன மண்ணு நல்லாத்தான் புடிச்சிருக்கு, போ."

அதற்குள் பிரவீண் வந்துவிட்டான். மெலிந்துபோயிருக்கிறான் அம்முலு. தாடி. "உள்ள வாங்கம்மா" என்று அவனே கதவைத் திறந்தான். அந்த "அம்மா"வைக் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது.

நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"ரெண்டு கயிறாப்பா?"

அவன் கிரில் கதவைச் சாத்தப் போனான்.

"சொல்லுப்பா. ஒண்ணு எங்க கெணத்துக் கயிறு. ஒண்ணு உங்க மண்டிக் கயிறு. நடுவுல முடிச்சு."

"யாரு சொன்னா?"

"அம்முலு."

"அவளுக்கு எதுக்கு இந்த வேல" என்று தலையைக் குனிந்துகொண்டான். ஜினமதி அம்மா அவனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"முடிச்சு அவுந்துச்சுன்னு நீ ஏண்டா சொல்லல? நான் மண்ண வாரித் தூத்தும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? போலீஸ்காரங்களாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல? கை நழுவிடுச்சுன்னு எதுக்குடா பழியத் தூக்கித் தலையில வெச்சிகினே?"

அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் கேட்டேம்மா அவன. 'என்னடா முடிச்சு இது, இத்தனூண்டு இருக்கு, நிக்குமா'ன்னு. அவன் சிரிச்சான். 'டேய், இது எங்கம்மா முடிச்சுடா. இழ அறுந்தாலும் அறும், எங்கம்மா முடிச்சு அவுறாது'ன்னு சொல்லிட்டு எறங்கிட்டான். இத நான் வந்து உங்ககிட்ட எப்படிம்மா சொல்வேன்? ஊரு என்னத் திட்டுனா திட்டிட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

ஜினமதி அம்மா அவன் முதுகில் அடித்தார். அடித்துக்கொண்டே, "என்னாண்டகூட சொல்லலியேடா பாவி, பெத்தவ என்னாண்டகூட சொல்லலியே" என்று அழுதார். நான் அந்த அம்மாவின் காலைப் பிடிக்கக் குனிந்தேன். பிடிக்க விடவில்லை. "போ கற்பகம். இன்னிக்கு என்னால முடியாது. இன்னொரு நாள் வா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி. தூற்றிய மண்ணைத் திரும்ப வாரிக்கொள்ள யாரும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

வரும்போது பிரவீணிடம் கேட்டேன், அம்முலு சேர்ந்திருக்கிறாளே, நீயும் போகிறாயா என்று. "என் கை நடுங்குதும்மா. ஒரு வாளி தண்ணி எடுத்தாக்கூட நடுங்குது" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை. உன்னிடம் மட்டும் ஒன்று சொல்லச் சொன்னான். கயிற்றுக்கு எப்போதும் ரெண்டு பேர் நிற்க வேண்டுமாம், அதில் ஒருத்தர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனேன். தீபாவிடம் முடிச்சு சமாச்சாரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூலமாகத் தெரு முழுக்கப் போய்ச் சேரட்டும் என்றுதான் அவளிடம் சொன்னேன். அவளைவிட ஜல்தியாக யார் சொல்வார்கள்? முடித்துவிட்டு, "இனிமே உன் புள்ளையத் தடுக்கணும்னா உன் வாயால தடு தீபா. எம்புள்ள பேரச் சொல்லித் தடுக்காதே" என்றேன். அவள் அழுதாள். ஆனால் இளஞ்செழியனை அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. அதையும் நான் கேட்கவில்லை. அது அவளுடைய பயம். எனக்கு இருக்கிற அதே பயம்தான்.

தறி வேலைதான் நடக்கவில்லை. இழை அறுந்தால் முடிகிறேன், வாலை வெட்டக் கை வரவில்லை. நீளமாக விட்டுவிடுகிறேன். அது அச்சில் மாட்டிக்கொண்டு மறுபடி அறுகிறது. போன புடவையை முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன கற்பகம், பொடவைக்கு மீசை மொளைச்சிருக்கு?" என்றார். இப்போது உங்கப்பா எனக்குப் பின்னால் வந்து ஒவ்வொன்றாக வெட்டுகிறார்.

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று நாள் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். போடும்போது எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, அதற்காக அவர்கள் திருப்பி அனுப்பமாட்டார்களே? தைரியத்தில் போட்டேன் என்று நினைக்காதே. எனக்குத் தைரியம் கிடையாது. போடாவிட்டாலும் தண்ணீர் வரும், யாராவது ஒருத்தர் மாட்டிக்கொள்வார்கள், உன்னால் சும்மா இருக்க முடியாது. உன் அண்ணனும் உன்னைப் போலத்தான். கற்றுக்கொண்டாவது போ. சொல்லிவிட்டாவது போ.

மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வருகிறது. நாளைக்கு மழை என்று டி.வி.யில் சொல்கிறார்கள். அவன் திதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அன்று நீ வர முடியாவிட்டால் பரவாயில்லை.

ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. பிரவீணிடம் கேட்க வாய் வரவில்லை, அவன் கரையில் நின்றவன். உங்கப்பாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுவார். நீ தண்ணீரைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் படிக்கிறவள், அதனால் உன்னிடம் கேட்கிறேன். தண்ணீர் அடித்துக்கொண்டு போகும்போது முடிச்சு அவிழ்ந்தது அவனுக்குத் தெரிந்திருக்குமா அம்முலு? இல்லை, எங்கம்மா முடிச்சு நிற்கும், இப்போது இழுத்துவிடும், இப்போது இழுத்துவிடும் என்று நம்பிக்கொண்டேதான் போனானா?